பாதரசமும் ஒரு சங்கமும்

கொடைக்கானல் வெப்பமானித் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் பழைய சாமான் கடையில் கிடந்தது அம்பலமானதே காரணம். வேலை போனது, பலருக்கு நோயும் மிஞ்சியது.

பாதரசம் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். மூச்சில் புகுந்து சிறுநீரகத்தையும் நரம்பையும் தாக்கும். ஆனால் சில மாதங்களில் இரத்தத்திலிருந்து பெரும்பாலும் வெளியேறிவிடும். சாட்சியே ஓடிப்போனால் நோயாளி தனியாக எதைக் காட்டுவார்? அதனால்தான் நோயுற்றவர்களோடு மற்றவர்களும் ஒரே சங்கமாக நின்று, 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் சிகிச்சையும் மறுவாழ்வும் கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். நோய்க்கு ஆலை காரணமல்ல என்றே இந்துஸ்தான் யூனிலீவர் சொல்லிவந்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு ஏற்பட்டது. தொகையை வெளியிடவில்லை.