இடது காலின் கணக்கு

விருத்தாசலத்துப் பீங்கான் சூளையில் வெந்து இறுகியதும் லாரி ஏறுகிறது. பொம்மை, அகல் விளக்கு, ஃபியூஸ் கட்டை எல்லாமே கீழே விழுந்தால் போச்சு. வைக்கோல் திணித்துக் கட்டினாலும், வண்டி நகரும் அந்த முதல் நொடியில் சரக்கைக் காப்பாற்றுவது டிரைவரின் இடது கால்தான். கிளட்சை வெடுக்கென்று விட்டால் வண்டி குதிக்கும். பெட்டிக்குள்ளே என்ன ஆச்சு என்று இறக்கும்போதுதான் தெரியும்.

கிளட்ச் இடது காலுக்கு என்பது ஆதியிலிருந்தே இருந்த ஏற்பாடு மாதிரித் தோன்றும். அப்படியில்லை. 1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் இடது பெடலை முழுக்க மிதித்தால் முதல் கியர், முழுக்க விட்டால் டாப் கியர், பாதியில் நிறுத்தினால் நியூட்ரல். நடுப்பெடல் ரிவர்ஸ், வலது பெடல் பிரேக். ஆக்சிலேட்டர் கையில். முதல் கியரில் மேடு ஏறினால் ஏறி முடிக்கிறவரை மிதித்த காலை எடுக்க முடியாது. இன்றைய வரிசை 1916ஆம் வருட காடிலாக்கில் வந்தது. 1922இல் வந்த ஆஸ்டின் செவன் அதைச் சாதாரண ஜனங்களிடம் கொண்டுபோனது.

நம் ஊரில் ஸ்டீயரிங் வலப்பக்கம் என்பதால் கியர் இடது கைக்கு வந்துவிட்டது. பெடல் வரிசை மட்டும் மாறவில்லை. அதனால் இடது கையும் இடது காலும் ஜோடியாக வேலை செய்யணும். அமெரிக்க டிரைவருக்கு இந்த ஜோடி கிடையாது, அவர் கியர் போடுவது வலது கையால்.

சென்னையில் 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. டெல்கோ 1954இல் டெய்ம்லர் பென்ஸோடு சேர்ந்து லாரி செய்ய ஆரம்பித்தது. காடிலாக் 1928லேயே சிங்க்ரோமெஷ் கொண்டுவந்திருந்தது. ஆனால் நம் பழைய லாரிகளில் அது ரொம்ப நாள் கிடையாது. அதனால் டபுள் கிளட்ச். மிதி, நியூட்ரலுக்கு எடு, கிளட்சை விடு, கியர் இறக்குவதென்றால் ஒரு ஆக்சிலேட்டர் கொடு, மறுபடி மிதி, கியரைப் போடு. தப்பினால் பல்லோடு பல் மோதிக் கத்தும். இதைப் புத்தகம் பார்த்து யாரும் கற்கவில்லை. கிளீனராக ஏறியவன் வருஷக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்து, இன்ஜின் சத்தத்தைக் கேட்டு, அண்ணன் காலைப் பார்த்துப் பிடித்துக்கொண்டான்.

காரில் குதிகாலைத் தரையில் ஊன்றி, முன்பாதத்தால் மிதிக்கலாம். கிளட்ச் பிடிக்கிற இடம் வந்ததும் கால் ஒரு கணம் நிற்கும், பிறகு விடும். பழைய பஸ், லாரியில் அந்த வசதியெல்லாம் கிடையாது. ஸ்பிரிங் கனம், பெடல் உயரம். தொடையிலிருந்து காலைத் தூக்கித்தான் மிதிக்கணும். முன்பக்க இன்ஜின் பஸ்ஸில் இடது கால் பக்கத்திலேயே இன்ஜின் மூடி. சித்திரை வெயிலில் அந்தச் சூடு வேறு. ஸ்டாப்புக்கு ஸ்டாப் நிற்கிற டவுன் பஸ்ஸில் ஒரு நாளைக்கு எத்தனை மிதி என்று எண்ணிப் பாருங்க. ஆனாலும் டிரைவரின் முழங்கால் வலியை நாம் வயசுக் கணக்கில்தான் எழுதுகிறோம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

களைத்த கால் எங்கே போகும்? பெடல் மேலேயே ஓய்வெடுக்கும். அதைத்தான் முதலாளியும் மெக்கானிக்கும் திட்டுவார்கள்: "கிளட்ச்ல கால வெக்காதே!" திட்டுவதில் காரணம் இருக்கு. லேசாக அழுத்தினாலே ரிலீஸ் பேரிங் தேயும். இன்னும் அழுத்தினால் பிளேட் வழுக்கிச் சூடாகும், கருகின வாடை வரும். மேட்டில் ஆஃப் கிளட்சில் வண்டியைப் பிடித்து நிறுத்துவதும் அப்படித்தான். பார்க்க வித்தை, பிளேட்டுக்கு எமன். கனரக வண்டிகளில் செராமிக் கலந்த உலோகப் பொத்தான் வைத்த கிளட்ச் பிளேட்டும் உண்டு. சூட்டைத் தாங்கும், ஆனால் பட்டென்று பிடிக்கும். அதாவது கால் இன்னும் மெதுவாக வரணும். (விருத்தாசலத்துப் பொம்மைக்கும் இந்த செராமிக்குக்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான்.)

காற்றழுத்தம் கைகொடுக்கிற கிளட்ச் வந்து பாரம் குறைந்தது. 2014இல் மாருதி செலேரியோ, விலை குறைந்த காரிலிருந்தே கிளட்ச் பெடலை எடுத்துவிட்டது. 2025 ஜூன் கடைசியில் சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. அதில் மிதிக்க கிளட்சே இல்லை. ஆனால் பல வருஷம் பழகின கால் சும்மா இருக்குமா? இல்லாத பெடலைத் தேடிப்போய், முழு வேகத்தில் பிரேக்கை அழுத்திவிடும். அதனால்தான் கியர் வண்டியிலிருந்து ஆட்டோமேட்டிக்குக்கு மாறுகிறவரிடம் முதலில் சொல்வது: "அண்ணே, இடது கால உள்ள மடக்கி வெச்சுக்கோங்க."