'டேர்த்' என்னும் சொல்லும் ஊவாவின் பசியும்

ஒரு சொல்லின் வரலாறு சிலவேளைகளில் ஒரு சமூகத்தின் வரலாற்றுக்கே விளக்கமாக அமைந்துவிடுவதுண்டு. ஆங்கிலத்தில் பற்றாக்குறையைக் குறிக்கும் 'டேர்த்' என்னும் சொல் அத்தகையது. கடிதங்களின் தொடக்கத்தில் 'அன்புள்ள' என்ற பொருளில் எழுதப்படும் 'டியர்' என்பதே இதன் அடிச்சொல்லாகும். பழைய ஆங்கிலத்தில் அச்சொல் அன்புக்குரியதையும் விலை உயர்ந்ததையும் ஒருங்கே சுட்டிற்று. அதனடியாகப் பிறந்த 'டேர்த்' முதலில் விலையேற்றத்தையே உணர்த்தியது. தானியம் அரிதாகும்போது அதன் விலை ஏறுவதும், விலை ஏறும்போது வறியவனுக்கு அது இல்லாத பொருளாகிவிடுவதும் இயல்பாதலின், காலப்போக்கில் அச்சொல் பற்றாக்குறை என்னும் பொருளைப் பெற்றது.

தமிழில் 'அருமை' என்னும் சொல்லும் கிடைத்தற்கரிய தன்மை, மதிப்பு ஆகிய இரண்டையும் தருகின்றது. ஆயினும் உணவற்ற காலத்தைத் தமிழர் அச்சொல்லாற் குறிக்கவில்லை. பாண்டிய நாட்டிற் பன்னிரண்டு ஆண்டுகள் நிலவியதாக இறையனார் களவியலுரை கூறும் கொடுங்காலத்துக்கு 'வற்கடம்' என்பதே பெயர். வறட்சியையும் பஞ்சத்தையும் ஒருசேரக் குறிக்கும் அச்சொல் வானத்தை நோக்கியது; 'டேர்த்' சந்தையை நோக்கியது. மழை பொய்த்தமையாற் பசி வந்ததா, விலை எட்டாமையாற் பசி வந்ததா என்னும் வினா இவ்விரு சொற்களுக்கிடையே அடங்கியுள்ளது.

அடம் ஸ்மித் 1776 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'நாடுகளின் செல்வம்' என்னும் நூலில் இதனை ஆராய்ந்தார். பருவம் பிழைப்பதாற் பற்றாக்குறை தோன்றும். அதனைத் தவறான வழிகளில் நீக்க அரசு முற்படும்போதே அது பஞ்சமாக மாறும் என்பது அவர் கருத்து. நூறாண்டுகளின் பின்னர் சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் (1876–78) வாட்டியபோது, லிட்டன் பிரபுவின் ஆட்சி இக்கோட்பாட்டையே பற்றி நின்றது. தானிய வணிகத்தில் அரசு தலையிடலாகாது என வற்புறுத்தப்பட்டது. மாகாணத்தில் மக்கள் மடிந்துகொண்டிருக்கையில் இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறிற்று. நிவாரண வேலை செய்த ஆண்மகன் ஒருவனுக்குச் சேர் ரிச்சர்ட் டெம்பிள் விதித்த நாட்கூலி ஒரு இறாத்தல் தானியமும் சிறு காசுமேயாகும். இதனைக் கண்டித்தோருள் மாகாணத்தின் சுகாதார ஆணையாளரான கோர்னிஷ் குறிப்பிடத்தக்கவர்.

அப்பஞ்சத்தினின்றும் தப்பிப் பிழைக்க இலங்கைக்குக் கடல் கடந்தோர் பல்லாயிரவர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து மலைநாட்டை அடைந்தவர்களுட் பலர் வழியிலேயே இறந்தனர். எஞ்சியவர்களில் ஒரு பகுதியினர் பதுளை, பசறை, மொனராகலை முதலிய ஊவாப் பகுதிகளிற் குடியேறினர். மொனராகலையைச் சூழ்ந்த வெல்லஸ்ஸ என்னும் நிலப்பரப்பின் பெயருக்கு 'இலட்சம் வயல்கள்' எனப் பொருள் கூறுவர். 1817–18 ஆம் ஆண்டுகளின் ஊவாக் கிளர்ச்சியை அடக்கிய பிரித்தானியப் படைகள் அவ்வயல்களையும் நீர்ப்பாசனத்தையும் அழித்தன. நெல்லாற் பெயர் பெற்ற மண் வறுமையுற்றது. பின்னர் அதன் மேட்டு நிலங்களில் எழுந்த தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் உழைத்தோர், தாம் உண்ணும் அரிசியைத் தாமே விளைவிக்க இயலாதவராயினர்.

தோட்டத் தொழிலாளிக்கு அரிசி என்பது விளைபொருளன்று. கூலியின் ஒரு கூறேயாகும். தோட்ட நிருவாகம் அரிசியை வழங்கி அதன் விலையைப் பெயர்வழியே கழித்தது. 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டமுங்கூட நாட்கூலியை அரிசி விலையோடு பிணைத்தே வகுத்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வந்த பங்கீட்டு முறை அவர்களுக்கு ஓரளவு காப்பளித்தது. ஆனால் சொந்த நிலமின்மை என்னும் அடிப்படை நிலை மாறவில்லை.

இதன் விளைவு 1973–74 ஆம் ஆண்டுகளில் வெளிப்பட்டது. உலகச் சந்தையில் தானிய விலையும் எண்ணெய் விலையும் ஏறின; நாட்டில் அந்நியச் செலாவணி அருகிற்று. பங்கீட்டு அரிசி குறைக்கப்பட்டது. மா, பாண், சீனி ஆகியவற்றின் விலை உயர்ந்தது. மாவட்டத்துக்கு மாவட்டம் அரிசி கொண்டுசெல்வதற்குத் தடை விதிக்கப்பட்டது. கிராமத்து உழவன் மரவள்ளியேனும் நட்டு உண்டான். லயன் அறையில் வாழ்ந்தவனுக்கு அதற்கும் போதிய நிலமில்லை. 1974 இல் நாட்டின் சிசு மரண வீதம் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 51 ஆக இருக்க, தோட்டத்துறையில் அது 140 ஐத் தாண்டிற்று. அவ்வாண்டுகளின் இன்னல் 'உணவுத் தட்டுப்பாடு' என்றே பெரும்பாலும் வழங்கலாயிற்று. தட்டுப்பாடு யாவருக்கும் பொது என்னும் தோற்றத்தை அச்சொல் தந்தது. மரணக் கணக்கோ அதனை மறுத்தது. தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளுக்குச் சென்று நிலம் தேடியோர் அம்மறுப்பையே தம் கால்களாற் கூறினர்.

அமர்த்தியா சென் 1981 இல் வெளியிட்ட 'வறுமையும் பஞ்சங்களும்' என்னும் நூலில், உணவு இல்லாமை வேறு, மக்கள் சிலரிடம் உணவைப் பெறும் உரிமை இல்லாமை வேறு எனத் தெளிவுபடுத்தினார். பஞ்சத்தை விளக்க முதலில் நோக்க வேண்டியது பின்னதையே என்பது அவர் முடிபு. 'டேர்த்' என்னும் சொல்லின் வேரில் உறைந்திருந்த உண்மையும் இதுவேயாகும். 2022 செப்டெம்பரில் கொழும்பின் உணவு விலைவாசி ஓராண்டில் ஏறத்தாழ 95 சதவீதம் ஏறியபோதும், கடைகளில் அரிசி இருந்தது. நாட்கூலியை நம்பியிருந்த தோட்டக் குடும்பங்களின் அடுப்பிலேதான் அது இருக்கவில்லை.

ஆகவே ஊவாத் தோட்டங்களின் பசியை வானத்தின் மேல் ஏற்றுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. தாது வருடத்தில் ஒரு இறாத்தல் தானியத்துக்கு மண் சுமந்தவரின் வழித்தோன்றல்கள் நூறாண்டுகளின் பின்னரும் விலையின் முன்னேதான் கையேந்தி நின்றனர். பற்றாக்குறை என்று எழுதப்படும் இடங்களிலெல்லாம் 'எவருக்குப் பற்றவில்லை?' என்று வினவுதல் வரலாற்று மாணவரின் முதற்கடனாகும்.