மைனர் பங்களாவிலிருந்து மாஞ்சோலைக்கு

மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தின் கதையை மணிமுத்தாறிலிருந்து மலையேறித் தொடங்குவதுதான் வழக்கம். அதைச் சென்னைத் தேனாம்பேட்டையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. அங்கே நியூயிங்டன் என்றொரு பங்களா இருந்தது. ஊர் அதற்கு வைத்த பெயர் மைனர் பங்களா. அப்பாவை இழந்த ஜமீன் பிள்ளைகளை அரசாங்கமே தங்கவைத்துப் படிக்கவைத்த இடம்.

ஜமீன்தார் இறந்து வாரிசு சிறுவனாக இருந்தால், சொத்தும் பிள்ளையும் 'கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்' நிர்வாகத்துக்குப் போகும். சென்னை மாகாணத்தில் இதற்கான சட்டம் 1804இலேயே வந்துவிட்டது. கலெக்டர் வரி வசூலைக் கவனிப்பார். பழைய கடன்கள் அடையும். பையன் இங்கிலீஷ் படிப்பான். மற்றவர்களுக்கு 18 வயதில் வரும் மேஜர் பட்டம் இவர்களுக்கு 21இல்தான் வரும். அதற்குள் அந்தப்புரத்தின் செல்லமும் காரியஸ்தர்களின் தூபமும் படாத ஒரு கனவானை வார்த்தெடுத்துவிடலாம் என்பது வெள்ளைக்காரக் கணக்கு. வடக்கே ராஜ்கோட்டின் ராஜகுமார் கல்லூரியும் அஜ்மீரின் மேயோ கல்லூரியும் எழுந்ததும் இதே கணக்கில்தான்.

கணக்கு எப்போதும் பலித்ததில்லை. ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி இந்த ஏற்பாட்டில் வளர்ந்தவர்தான். 1889இல் பொறுப்பேற்றார். விவேகானந்தரைச் சிகாகோவுக்குப் போகச் சொன்னார், தமிழ்ப் புலவர்களுக்கு வாரிக் கொடுத்தார், சில ஆண்டுகளிலேயே கடனில் சிக்கினார்.   சேதுபதியின் கடனிலாவது பெயர் மிஞ்சியது. நியூயிங்டனில் படித்த இன்னொரு பிள்ளையின் வழக்கு விட்டுப்போனது வேறு மாதிரி.

1919 அக்டோபரில் ஓர் இரவு, நியூயிங்டனின் முதல்வர் டி லா ஹே தன் படுக்கையில் தூங்கிக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். பங்களாவில் இருந்ததெல்லாம் ஜமீன் வாரிசுகள். சந்தேகம் அவர்கள்மேலேயே விழுந்தது. குற்றவாளிக் கூண்டில் ஏறியவர் திருநெல்வேலிச் சீமையின் சிங்கம்பட்டி இளவரசர்.  ஜாலியன்வாலா பாக் நடந்து ஆறே மாதம் ஆகியிருந்த நேரம், கொல்லப்பட்டவர் வெள்ளைக்காரர், கூண்டில் நிற்பவர் ஒரு ராஜா வீட்டுப் பிள்ளை. சென்னையில் பரபரப்பு அடங்காததால் விசாரணையைப் பம்பாய்க்கு மாற்றினார்கள். பின்னாளில் நேதாஜியின் படையில் கேப்டன் ஆன லட்சுமியின் அப்பா, பாரிஸ்டர் சுவாமிநாதன், இளவரசர் தரப்பில் வாதாடினார். முடிவில் விடுதலை. கொலையாளி யார் என்பதற்கு இன்றுவரை ஊருக்கொரு கதை உண்டு. நீதிமன்றம் விடுவித்த ஒருவரை நூறு வருஷம் கழித்து நாம் மறுபடி கூண்டில் ஏற்ற வேண்டாம்.

பையன் திரும்பினான், பணம் திரும்பவில்லை. அந்தக் காலத்துப் பாரிஸ்டர் பீஸ், பம்பாய்ப் பயணம், சாட்சிகள், ஆள் அம்பு என்று ஜமீன் கஜானா வற்றியது. கடன் வாங்கினார்கள். சொத்தைக் கடனிலிருந்து காப்பாற்றிக் கொடுப்பதற்கென்று அரசாங்கம் நடத்திய பள்ளிக்கூடம், ஒரு ஜமீனைக் கடனில் தள்ளிவிட்டது. இந்தப் பொருத்தமின்மையை அன்றைய வருவாய் வாரியத்தில் யாராவது யோசித்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்.

கடனாளி ஜமீனிடம் மிச்சமிருந்தது காடு. தாமிரபரணியும் மணிமுத்தாறும் இறங்கிவரும் மலைக்காடு. அது சிங்கம்பட்டிக்கு எப்படி வந்தது என்பதற்கு ஜமீன் வழியில் ஒரு கதை சொல்வார்கள்: திருவிதாங்கூர் மார்த்தாண்ட வர்மா எட்டு வீட்டுப் பிள்ளைமாரோடு மோதியபோது சிங்கம்பட்டி படை துணைக்குப் போனது; அந்தச் சண்டையில் இளவரசன் ஒருவன் இறந்தான்; அதற்கு ஈடாக மகாராஜா மலையைக் கொடுத்தார். கதை உண்மையென்றால், ஒரு இளவரசனின் உயிருக்கு ஈடாக வந்த காட்டில் ஒரு பகுதி, இன்னொரு இளவரசனின் உயிரைக் காப்பாற்றிய செலவுக்குப் போனது.

குத்தகை கேட்டு வந்தது பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன். 1863இல் தொடங்கிய தேக்கு வியாபாரக் கம்பெனி. ராஜாக்கள் விஷயத்தில் இதற்கு முன்கதை உண்டு. மரம் வெட்டியதில் கணக்கு மறைத்ததாகச் சொல்லி பர்மிய அரசு இதற்கு 23 லட்ச ரூபாய் அபராதம் போட்டது. அதையே சாக்காக வைத்து ஆங்கிலேயர் 1885இல் மண்டலேயைப் பிடித்தார்கள். பர்மாவின் தீபா மன்னர் ரத்னகிரியில் சிறையிருந்து 1916இல் செத்தார். சிங்கம்பட்டியில் பீரங்கி தேவைப்படவில்லை. 1929 பிப்ரவரியில் 8,373 ஏக்கர் 57 சென்ட் நிலம் 99 ஆண்டுக் குத்தகைக்குக் கைமாறியது.

வழக்குச் செலவுக்காகவே காடு போனது என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவதை நான் முழுக்க ஏற்கவில்லை. தீர்ப்புக்கும் பத்திரத்துக்கும் நடுவே ஏறக்குறைய பத்து வருஷம் கிடக்கிறது. பத்து வருஷம் என்றால் கடன் மட்டுமல்ல, வட்டியும், வட்டிக்கு வட்டியும், நடையை மாற்றிக்கொள்ளாத அரண்மனைச் செலவும் சேர்ந்தே வளர்ந்திருக்கும். ஆனாலும் முதல் ஓட்டை எங்கே விழுந்தது என்று கேட்டால் சிங்கம்பட்டியில் கை நீட்டுவது தேனாம்பேட்டைப் பக்கம்தான்.

அடர்காட்டை அழித்துத் தேயிலை வைத்தார்கள். காப்பியும் ஏலமும் சிங்கோனாவும்கூட. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று குடியிருப்புகள் முளைத்தன. தமிழ்நாட்டின் மிகப் பெரிய மழைக் கணக்குகள் இன்று நாலுமுக்கிலிருந்தும் ஊத்திலிருந்தும் வருகின்றன. அந்த மழையிலும் அட்டைக்கடியிலும் காடு வெட்டியவர்கள், கங்காணிகள் கூட்டிவந்த திருநெல்வேலிப் பக்கத்து, கேரளத்து ஏழைகள். லயன் வீடு, காலையில் ஆஜர் எடுக்கும் பெரட்டு, கொழுந்துக் கூடை. குழந்தைகள் அங்கேயே பிறந்து அங்கேயே கொழுந்து பறிக்கப் போனார்கள்.

ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்து, சிங்கம்பட்டி 1952இல் அரசுக்குப் போனது. குத்தகை மட்டும் தப்பியது: ராஜாவிடம் வாங்கிய காட்டைக் கம்பெனி அரசாங்கத்திடம் தொடர்ந்து வைத்துக்கொண்டது. அடுத்த தலைமுறை வாரிசு முருகதாஸ் தீர்த்தபதியைப் படிக்க அனுப்பிய இடம் கண்டி டிரினிட்டி கல்லூரி. சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே பட்டம் சூட்டப்பட்டவர். வளர்ந்து ஆளானபோது ஆளச் சீமை இல்லை. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோவிலில் ராஜ உடையில் அவர் வந்து உட்காருவதைப் பார்க்கவே கூட்டம் சேரும். 2020 மே மாதம் 88 வயதில் மறைந்தார்.

மலைமேலே இருந்தவர்களின் பொதுவாழ்வு வேறு. கூலி உயர்வு கேட்டுத் தொடங்கிய போராட்டத்தில், 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலிக் கலெக்டர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனார்கள். போலீஸ் தடியடியில் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டு 17 பேர் இறந்தார்கள், ஒரு கைக்குழந்தையும் சேர்த்து.

மலை இப்போது களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தோடு சேர்ந்தது. குத்தகை 2028 வரை ஓடவேண்டியது; கம்பெனி 2024லேயே தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்துக் கிளம்பத் தொடங்கியது. நான்காம் தலைமுறையாக அங்கே இருந்தவர்கள், தோட்டத்தைத் தமிழ்நாடு அரசின் தேயிலைக் கழகமான டான்டீயே எடுத்து நடத்தட்டும் என்று கேட்டு மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போனார்கள்.