டெலோஸ் தீவு

ஈஜியக் கடலின் சைக்லடீஸ் தீவுக்கூட்டத்தில், மிக்கோனோஸுக்குத் தென்மேற்கே உள்ள சிறு தீவு டெலோஸ். நீளம் ஏறத்தாழ 5 கி.மீ.; பரப்பு 3.5 சதுர கி.மீ. கூட இல்லை. கற்பாங்கான தரை, சொற்ப விளைநிலம். லெட்டோ என்னும் தேவி அப்பொல்லோவைப் பெற்றெடுத்த இடம் என்ற நம்பிக்கைதான் இதன் ஒரே செல்வம். அந்தச் செல்வத்துக்கு உரிமை கொண்டாட வந்தவர்கள் பெரும்பாலும் வெளியூரார்.

முதலில் வந்தது நாக்சோஸ். கி.மு. 7ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி, அத்தீவினர் இங்கே அப்பொல்லோவுக்குப் பேருருவச் சிலையும் பளிங்குச் சிங்க வரிசையும் காணிக்கையாக நிறுத்தினர். அடுத்து ஏதென்ஸின் சர்வாதிகாரி பைசிஸ்ட்ராட்டஸ், கோயிலிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரம்வரை இருந்த புதைகுழிகளை அப்புறப்படுத்தினார். சாமோஸின் பாலிக்ரட்டீஸ், அருகிலிருந்த ரெனேயா தீவைச் சங்கிலியால் டெலோஸோடு பிணைத்து, கடவுளுக்கே எழுதிவைத்தார். கி.மு. 490இல் கிரேக்கத்தைத் தாக்க வந்த பாரசீகத் தளபதி டாட்டிஸ்கூட இத்தீவில் கைவைக்கவில்லை; 300 தாலந்து சாம்பிராணியை எரித்து வழிபட்டார் என்கிறார் ஹெரோடோட்டஸ்.

பாரசீகரை விரட்டிய பின், கி.மு. 478இல் ஏதென்ஸ் தலைமையில் அமைந்த கூட்டணிக்கு டெலோஸ் நடுவிடமாயிற்று. உறுப்பு நகரங்கள் செலுத்திய திறை, தொடக்கத்தில் 460 தாலந்து, இங்கேதான் சேமிக்கப்பட்டது. கி.மு. 454இல் அந்தக் கருவூலம் ஏதென்ஸுக்குப் போனது. அதன்பின் திறையில் அறுபதில் ஒரு பங்கு அதீனா தேவிக்குக் காணிக்கையாக ஒதுக்கப்பட்டது. கூட்டணி பேரரசாக மாறியதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை.

கருவூலத்தை எடுத்துக்கொண்டாலும் தீவின் புனிதத்தை ஏதென்ஸ் விட்டுவிடவில்லை. கி.மு. 426இல் எஞ்சிய புதைகுழிகள் அனைத்தும் தோண்டியெடுக்கப்பட்டன. இனி இத்தீவில் யாரும் பிறக்கவோ இறக்கவோ கூடாது. நிறைமாதக் கர்ப்பிணிகளையும் சாகக் கிடப்பவர்களையும் ரெனேயாவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று விதித்தனர். கி.மு. 422இல், பழைய குற்றம் ஒன்றால் தீட்டுப்பட்டவர்கள் என்று சொல்லி மக்களையே வெளியேற்றினர். பாரசீக ஆளுநர் பார்னக்கஸ் அவர்களுக்கு ஆசியக் கரையிலுள்ள அட்ராமிட்டியோனில் இடம் கொடுத்தார். மறு ஆண்டே, டெல்ஃபியின் அருள்வாக்குக்குப் பணிந்து, ஏதென்ஸ் அவர்களைத் திரும்ப அழைத்தது. தூய்மை என்பது இங்கே பெரும்பாலும் அரசியலுக்கு இட்ட பெயர்தான். ஆனால் முழுக்க வேடம் என்றும் தள்ளிவிட முடியாது: ஏதென்ஸின் யாத்திரைக் கப்பல் டெலோஸ் சென்று திரும்பும்வரை மரண தண்டனை நிறைவேற்றக் கூடாது என்ற விதியால், கி.மு. 399இல் சாக்ரட்டீஸின் சாவே தள்ளிப்போனது.

கி.மு. 314இல் ஏதென்ஸின் பிடி தளர்ந்தது. ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு டெலோஸ் தனியரசாக இருந்தது. கோயில் அதிகாரிகள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு, வட்டிக்குப் பணம் கொடுத்து, ஆண்டுதோறும் கணக்கைக் கல்லில் வெட்டிவைத்தனர். பண்டைக் கிரேக்கத்தின் விலைவாசியை அறிய இக்கல்வெட்டுகள் இன்றும் முதன்மையான சான்று.

கி.மு. 166இல் ரோம் இத்தீவை ஏதென்ஸிடமே ஒப்படைத்து, சுங்கமில்லாத் துறைமுகமாக்கியது. ரோட்ஸின் வணிகத்தை ஒடுக்குவதே நோக்கம். உள்ளூர் மக்கள் இம்முறையும் வெளியேற்றப்பட்டு, அகாயா சென்றனர். இத்தாலியரும் சிரியரும் எகிப்தியரும் குடியேறினர். சராப்பிஸுக்கும் சிரிய தேவி அட்டர்காட்டிஸுக்கும் கோயில்கள் எழுந்தன. யூதத் தொழுகைக்கூடம் ஒன்றும் இருந்ததாகக் கருதப்படுகிறது. பிறப்பும் இறப்பும் விலக்கப்பட்ட மண்ணில் அடிமைச் சந்தை செழித்தது. ஒரே நாளில் பல்லாயிரம் அடிமைகளை இறக்கி ஏற்றும் திறன் அதற்கு உண்டு என்று ஸ்ட்ராபோ எழுதுகிறார்.

ரோமை நம்பிய வாழ்வு ரோமின் பகைவரால் முடிந்தது. கி.மு. 88இல் பாண்டஸ் மன்னர் மித்ரிடேட்டஸின் படை தீவைச் சூறையாடியது. இங்கும் சுற்றுப்புறத்திலுமாக 20,000 பேர் கொல்லப்பட்டனர், பெரும்பாலோர் இத்தாலியர் என்கிறார் அப்பியன். கி.மு. 69இல் கடற்கொள்ளையர் மீண்டும் தாக்கினர். வணிகமும் வேறு துறைமுகங்களுக்கு நகர்ந்தது. பிற்காலத்தில் கிறித்தவ ஆயரும் சில தேவாலயங்களும் இருந்தபோதிலும் பழைய பெருமை திரும்பவில்லை.

பிரெஞ்சுத் தொல்லியலாளர்கள் 1873 முதல் இங்கு அகழ்ந்துவருகின்றனர். 1990இல் யுனெஸ்கோ இதை உலக மரபிடமாக அறிவித்தது. கி.மு. 426இல் அகற்றிய பிணக்குழிப் பொருள்களை ஏதென்ஸ் மக்கள் கொட்டிவைத்த குழி, 1898இல் ரெனேயாவில் கண்டுபிடிக்கப்பட்டது. அதிலிருந்து கிடைத்த கலங்களை வைக்கவே மிக்கோனோஸில் ஓர் அருங்காட்சியகம் கட்டப்பட்டது.