ஒற்றைக் கண் விமானியும் டாக்டர் கையெழுத்தும்

லைசென்ஸ் என்றதும் நமக்கெல்லாம் ஆர்.டி.ஓ. ஆபீசும் 'எட்டு' போடுவதும்தான் ஞாபகம் வரும். கால் ஊன்றாமல் எட்டு போட்டுக் காட்டினால் லைசென்ஸ், ஊன்றினால் இன்னொரு நாள் வா. விமானிகளுக்கு அது மட்டும் போதாது. ஓட்டிக் காட்டுவதோடு டாக்டரிடமும் பாஸ் ஆக வேண்டும். அவர் கையெழுத்து போடாவிட்டால், எத்தனை ஆயிரம் மணி நேரம் பறந்தவராக இருந்தாலும் பிழைப்பு போயிற்று.

இந்த டாக்டர் பரீட்சை அமெரிக்காவில் எப்படி வந்தது என்று படிக்கப் போய்த்தான் வைலி போஸ்ட் என்ற மனிதரைத் தெரிந்துகொண்டேன்.

1926 வரை அமெரிக்காவில் விமானம் ஓட்ட மத்திய அரசின் லைசென்ஸ் தேவையில்லை. விமானமும் துணிச்சலும் இருந்தால் போதும். அந்த ஆண்டு மே மாதம் விமான வணிகச் சட்டம் வந்தது. ராணுவ டாக்டராக இருந்த லூயி பாயர் முதல் மருத்துவ இயக்குநரானார். கண், காது, இதயம் என்று எல்லாவற்றுக்கும் அளவுகோல்கள் வந்தன.

அதே 1926, அக்டோபர். ஓக்லஹோமா எண்ணெய் வயலில் வேலை செய்துகொண்டிருந்த போஸ்ட்டின் இடது கண்ணில் இரும்புத் துண்டு ஒன்று தெறித்தது. புண் சீழ்பிடித்து, கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று. போஸ்ட் அதற்கு முன் விமான சர்க்கஸில் பாராசூட்டில் குதித்தவர். வழிப்பறி வழக்கில் சிறைக்கும் போய் வந்தவர். கண்ணுக்குக் கிடைத்த நஷ்டஈடு கிட்டத்தட்ட 1,800 டாலர். அதைக் கொண்டு மனிதர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு பழைய விமானம் வாங்கினார்!

ஒரு கண்ணால் தூரத்தைக் கணிப்பது கஷ்டம். அதனால் போஸ்ட் ஒரு மரத்தைப் பார்த்து இத்தனை அடி இருக்கும் என்று மதிப்பிடுவார், பிறகு நடந்து போய் அளப்பார். திரும்பத் திரும்ப இதையே செய்து பழகினார். உண்மையில் இரண்டு கண்ணாலும் சேர்ந்து ஆழம் காண்பது பக்கத்துப் பொருட்களுக்குத்தான் பெரிதாக உதவுகிறது. தூரத்தில் இருப்பதை உருவத்தின் அளவு, நிழல், நகரும் வேகம் இவற்றை வைத்துத்தான் எல்லோருமே கணிக்கிறோம்.

புது விதிப்படி அவர் தகுதியற்றவர். ஆனால் விதியிலேயே ஒரு சிறு ஜன்னல் இருந்தது. குறை இருந்தாலும் பறந்து நிரூபித்தால் விலக்கு தரலாம். பல நூறு மணி நேரம் தற்காலிக அனுமதியில் பறந்துகாட்டி, 1928-ல் லைசென்ஸ் வாங்கினார். 1931-ல் ஹரால்ட் காட்டி வழிகாட்ட, 8 நாள் 16 மணி நேரத்துக்குள் உலகைச் சுற்றினார். 1933-ல் தனியாகவே 7 நாள் 19 மணி நேரத்துக்குள் சுற்றினார். தனியாக உலகைச் சுற்றிப் பறந்த முதல் மனிதர் அவர்தான். 1935-ல் அலாஸ்காவில், விமானம் மேலெழும்பியதும் என்ஜின் நின்று இறந்தார்.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது சாதனை அல்ல, தேதி. லைசென்ஸ் கிடைத்தபோது அவர் உலகப் புகழ் பெற்றவர் இல்லை. சிறைக்குப் போய்வந்த ஒரு எண்ணெய் வயல் தொழிலாளி, அவ்வளவுதான். அவருக்குக் கிடைத்தது புகழுக்கான சலுகை அல்ல, ஒரு பரீட்சை. அந்த வழி இன்றும் அங்கே இருக்கிறது. ஒற்றைக் கண் உள்ளவர் பரிசோதகரோடு பறந்துகாட்டி, திறன் நிரூபணச் சான்று வாங்கலாம். நம்ம ஊர் எட்டு மாதிரிதான்.

ஜன்னல் இல்லாத விதி என்ன செய்யும் என்பதற்கு இங்கிலாந்தின் டக்ளஸ் பேடர் உதாரணம். 1931 விபத்தில் இரண்டு கால்களும் போயின. செயற்கைக் கால்களோடு மறுபடி நன்றாகவே பறந்துகாட்டினார். ஆனாலும் விமானப்படை 1933-ல் அவரை வீட்டுக்கு அனுப்பியது. 1939-ல் போர் வந்ததும் கூப்பிட்டுக்கொண்டது! கால் முளைத்துவிடவில்லை, விமானிகளுக்குத் தட்டுப்பாடு.

சில நேரம் தடை உடம்பில் இல்லை, இயந்திரத்தில் இருக்கிறது. பிறவியிலேயே இரு கைகளும் இல்லாத ஜெசிகா காக்ஸ் 2008-ல் அமெரிக்காவில் இலகு ரக விமானி லைசென்ஸ் பெற்றார். அவர் ஓட்டியது எர்கூப் என்ற பழைய ரகம். அதில் கால் மிதிகள் கிடையாது, ஸ்டியரிங்கே எல்லாம் செய்யும். எனவே ஒரு காலால் ஸ்டியரிங், இன்னொரு காலால் வேகம். எளிதாக ஓட்ட வேண்டும் என்று 1930களில் யாரோ போட்ட வடிவமைப்பு, நினைத்தே பார்க்காத ஒருவருக்கு உதவியிருக்கிறது. அந்த லைசென்ஸுக்கு டாக்டர் சான்றும் வேண்டாம், கார் லைசென்ஸ் போதும். ஆனால் அதை வைத்துக்கொண்டு விமான கம்பெனியில் வேலைக்குச் சேர முடியாது.

பின்னால் நூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். கண்ணையும் காலையும் பறந்துகாட்டி நிரூபிக்கலாம், மனச்சோர்வை எப்படி நிரூபிப்பது? அமெரிக்காவில் மனச்சோர்வு மாத்திரை சாப்பிடும் விமானிக்கு 2010 வரை அனுமதியே இல்லை. அதனால் வியாதியை மறைத்தோ மருந்தைத் தவிர்த்தோ பறந்தவர்கள் உண்டு. 2010-ல் நான்கு மருந்துகளுக்கு மட்டும், கண்காணிப்போடு, வழி திறந்தார்கள். ஐரோப்பாவில் 2015 மார்ச் 24 அன்று ஜெர்மன்விங்ஸ் துணை விமானி ஒருவர் விமானத்தை ஆல்ப்ஸ் மலையில் மோதினார். அவரையும் சேர்த்து 150 பேர் பலி. பறக்கக்கூடாது என்று டாக்டர் கொடுத்த சீட்டை அவர் கம்பெனியிடம் காட்டவில்லை. வேலை போய்விடும் என்ற பயமும் அவர் வாய் திறக்காததற்குக் காரணமாக இருந்திருக்கலாம் என்று பிரெஞ்சு விசாரணை அறிக்கை எழுதியது. உண்மையைச் சொல்லும் விமானிக்கு வருமானப் பாதுகாப்பு வேண்டும் என்றும் அதே அறிக்கை கேட்டது.