போர்த் தண்ணீரா, மயிர்க்காலா? ராசிபுரம் வட்டாரத்தில் ஆண் வழுக்கைக்குச் சொல்லப்படும் காரணம்

முன்னுரை

ராசிபுரம் வட்டாரத்தில் இளைஞன் ஒருவனுக்கு நெற்றி ஏறத் தொடங்கினால், வீட்டில் முதலில் பழி விழுவது போர்த் தண்ணீர்மேல், அதாவது ஆழ்துளைக் கிணற்று நீர்மேல்தான். வேலைக்குப் பெங்களூரு போனவனும் "அந்த ஊர்த் தண்ணி சேரல" என்கிறான். எண்ணெய் மாறுகிறது, ஷாம்பு மாறுகிறது, ஆண்டுகள் ஓடுகின்றன. ஆண் வழுக்கைக்கு இந்தக் காரணம் பொருந்தாது என்பதும், அதை நம்புவதால் சிகிச்சைக்கு உரிய காலம் கைநழுவுகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

தண்ணீரின் பங்கு

இந்த நம்பிக்கை வெறுங்கற்பனை அன்று. ராசிபுரம் அமைந்த நாமக்கல் மாவட்டத்தின் நிலத்தடி கடும்பாறை. அதன் வெடிப்புகளில் தேங்கும் நீரில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கும். வாளியின் உள்விளிம்பில் வெள்ளையாகப் படிவதும், ஹீட்டர் கம்பியில் ஓடு கட்டுவதும் அவையே. சோப்பு நுரைக்காது, குளித்த தலையில் சிக்கு விழும், சீப்போடு முடி வரும். கண்ணெதிரே நடப்பதைக் காரணமாகக் கொள்வது மனித இயல்பு.

கோவை பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரித் தோல்நோய்த் துறையினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், கடின நீரில் ஊறிய முடிக்கும் வாலைவடி நீரில் ஊறிய முடிக்கும் வலுவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 2018இல் வெளிவந்த பாகிஸ்தான் ஆய்வொன்றோ கடின நீரில் முடியின் வலு குறைவதாகக் கூறியது. முடிவுகள் முரண்பட்டாலும் இரண்டும் சோதித்தது தோலுக்கு வெளியே நீண்டிருக்கும் உயிரற்ற தண்டைத்தான். வழுக்கை நிகழ்வதோ தோலுக்குள், மயிர்க்காலில். சீப்பில் வந்த முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும்: வேரோடு உதிர்ந்ததன் முனையில் வெள்ளையாக ஒரு சிறு குமிழ் இருக்கும், இடையில் அறுந்ததற்கு இராது.

பின்மண்டை தரும் சான்று

முடிவெட்டி முடித்ததும் கடைக்காரர் கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டுவார். முன்நெற்றி ஏறி, உச்சியில் தோல் தெரிகிற ஆளுக்கும் பின்மண்டையில் முடி அடர்ந்தே இருக்கும். இரண்டு இடத்துக்கும் ஊற்றியது ஒரே வாளித் தண்ணீர். தண்ணீர்தான் காரணமென்றால் அது இடம்பார்த்து வேலை செய்கிறது என்றாகிவிடும்.

உண்மையில் இடம்பார்ப்பது மயிர்க்கால். பின்மண்டைத் தோலை வழுக்கைப் பகுதியில் நட்டாலும் அந்த முடி தொடர்ந்து வளர்வதை நார்மன் ஓரென்ட்ரைக் 1959இல் விளக்கினார்; இன்றைய முடி நடும் சிகிச்சை இந்த அடிப்படையில் நிற்கிறது. பருவமடையும் முன் விதை நீக்கப்பட்டவர்களுக்கு இவ்வகை வழுக்கை விழுவதில்லை என்பதை ஜேம்ஸ் ஹாமில்டன் 1942இல் பதிவுசெய்தார். அவர்களில் ஆண் இயக்குநீர் கொடுக்கப்பட்ட சிலருக்கு, குடும்பத்தில் வழுக்கை இருந்தபோது, வழுக்கை விழுந்தது. அந்த இயக்குநீரான டெஸ்டோஸ்டீரோனிலிருந்து உருவாகும் டி.எச்.டி. (டைஹைட்ரோடெஸ்டோஸ்டீரோன்), மரபால் அதற்கு வசப்படும் மயிர்க்கால்களை மெல்ல மெல்லச் சுருக்குகிறது. அந்த மரபு தாய்வழியிலும் வரும், தந்தைவழியிலும் வரும்.

பழி ஏன் தண்ணீர்மேல் விழுகிறது? பலருக்கு நெற்றி ஏறத் தொடங்குவது இருபதுகளில். ஹாஸ்டலுக்கும் வேலைக்கும் ஊர் மாறுகிற வயதும் அதுவே. உடன் நிகழ்வதெல்லாம் காரணம் ஆகிவிடாது.

பிரித்தறிதல்

எல்லா முடியுதிர்வும் ஆண் வழுக்கை அன்று. டெங்கு, டைபாய்டு போன்ற காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலை முழுவதும் கொத்துக் கொத்தாகக் கொட்டுவது பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானே அடங்கும். அந்த இடைவெளியில் தேய்த்த எண்ணெய்க்குப் பெயர் கிடைக்கும். காசு அளவில் வட்டமாக விழும் புழுவெட்டு, உடலின் எதிர்ப்பாற்றலே மயிர்க்காலைத் தாக்குவதால் வருவது. அதற்கு மருத்துவம் வேறு.

சிகிச்சையும் அதன் எல்லையும்

சான்று வலுவாக உள்ளவை இரண்டு மருந்துகள். முதலில் இரத்த அழுத்தத்துக்கு வந்த மினாக்சிடில், தலையில் தடவும் மருந்தாக அமெரிக்காவில் 1988இல் ஒப்புதல் பெற்றது. டி.எச்.டி. உருவாவதைத் தடுக்கும் ஃபினாஸ்டரைடு மாத்திரை இதே நோக்கத்துக்கு 1997இல் ஒப்புதல் பெற்றது. இரண்டாண்டுச் சோதனையில் ஃபினாஸ்டரைடு உண்டவர்களில் 83 விழுக்காட்டினருக்கு உச்சிமுடியின் எண்ணிக்கை குறையவில்லை. போலி மாத்திரை உண்டவர்களில் அது 28 விழுக்காடு. இம்மருந்துகள் சுருங்கிவரும் மயிர்க்காலைத் தாங்கும், அழிந்துபோனதை எழுப்பா. நிறுத்தினால் பயனும் போகும். ஃபினாஸ்டரைடால் சிலருக்குப் பாலுணர்வுக் குறைவும் மனச்சோர்வும் வருவதால் மருத்துவர் சீட்டின்றி உண்ணலாகாது. கரிசலாங்கண்ணிக்கு எலிகளில் நடந்த ஆய்வுகளே ஆதரவு தருகின்றன. எண்ணெய் சிக்கைக் குறைக்கும் என்ற அளவில் அதை மதிக்கலாம்.

முடி நடுவது அறுவை சிகிச்சை. 2016இல் சென்னையில் அதைச் செய்துகொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் பின்னர் உயிரிழந்தார். முறையான பயிற்சி பெற்ற பதிவுபெற்ற மருத்துவரே இதைச் செய்யலாம் என்றும், யூடியூப் பார்ப்பது பயிற்சி ஆகாது என்றும் தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் வரையறுத்தது.

முடிவுரை

தண்ணீர் முடியைச் சிக்காக்கலாம், முரடாக்கலாம், நெற்றியை ஏற்றாது. ஏறுநெற்றியை எவரினும் முன்னதாகக் காண்பவர் மாதந்தோறும் அந்தத் தலையைத் தொடும் முடிதிருத்துநர்தான். அடுத்த எண்ணெயைப் பரிந்துரைக்காமல் "தோல் டாக்டரைப் பாருங்க தம்பி" என்று அவர் சொன்னாலே பல ஆண்டுகள் மிஞ்சும். எண்ணெய்ப் புட்டியின்மேல் உள்ள பெரிய எழுத்தை நம்பும் வாசகர் ஒன்றை அறியவேண்டும்: எந்த மருந்தும் தடுப்பதாகவோ குணமாக்குவதாகவோ உரிமை கோரக்கூடாத நோய்களை, 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணை பட்டியலிடுகிறது. வழுக்கை அந்தப் பட்டியலில் இருக்கிறது.