ஏழாம் நாள் வந்த வழி

ஓய்வுநாள் முதலில் சட்டமாக வரவில்லை, சாப்பாடாக வந்தது. எகிப்தைவிட்டுக் கிளம்பிய இஸ்ரவேலர் சீனாய் மலையடிவாரத்துக்கு வந்து சேர்வதற்கு முன்பே வனாந்தரத்தில் மன்னா விழத் தொடங்கிவிட்டது. ஆளுக்கு ஓர் ஓமர் என்று அளவு. நாளைக்கு ஆகட்டும் என்று எடுத்துவைத்தால் புழு வைத்து நாறும். ஆறாம் நாள் மட்டும் ஆளுக்கு இரண்டு ஓமர். ஏழாம் நாள்வரை அது கெடாது. அதை நம்பாமல் ஏழாம் நாளும் பொறுக்கப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். தலைமுறை தலைமுறையாகப் பார்வோனுக்குச் செங்கல் அறுத்த ஜனம் அது. வேலை செய்யாத நாளிலும் சோறு உண்டு என்பதை வயிற்றின் வழியாகத்தான் அதற்குப் புரியவைக்க முடிந்தது. கற்பலகையில் எழுத்தாக வந்தது பிற்பாடு.

அந்த எழுத்தைப் பத்துக் கட்டளைகளில் நாலாவது என்கிறோம். கத்தோலிக்கரும் லுத்தரன்காரரும் மூன்றாவது என்று எண்ணுவார்கள்; சங்கதி ஒன்றுதான். யாத்திராகமம் அதற்குச் சொல்லும் காரணம் படைப்பு: ஆறு நாளில் உலகத்தைப் படைத்துவிட்டு ஏழாம் நாளில் கடவுள் ஓய்ந்திருந்தார். ஓய்வுநாள் யூதருக்கு உரியது, நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதிலேயே பதில் இருக்கிறது. ஆதியாகமத்தின் முதல் வாரத்தில் யூதன் என்று ஒருவன் இல்லை. உபாகமமோ வேறு காரணம் சொல்கிறது: நீயும் எகிப்தில் அடிமையாய்க் கிடந்தவன், அதனால் உன் வேலைக்காரனும் உன்னைப் போலவே இளைப்பாற வேண்டும். மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, வாசலுக்குள் இருக்கும் அந்நியன் என்று பட்டியல் நீள்கிறது. மனைவியைக் காணோம். ‘நீ’ என்பதிலேயே அவளும் அடக்கம் என்பது வியாக்கியானம் எழுதுகிறவர்களின் சமாதானம். வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் இரண்டு நாள் சமையலை முடிக்க அடுப்படியில் பறக்கிறவள் என்ன சொல்வாளோ!

யாத்திராகமம் 34ஆம் அதிகாரத்தில் இன்னொரு வரி இருக்கிறது, பிரசங்கங்களில் அதிகம் அடிபடாத வரி. உழவு காலமானாலும் அறுப்புக் காலமானாலும் ஏழாம் நாள் ஓய்ந்திருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. வேலை இல்லாத காலத்தில் ஓய்வெடுக்க யாருக்கும் கட்டளை வேண்டாம். கதிர் முற்றி நிற்கும்போது அரிவாளைக் கீழே வைக்கத்தான் கட்டளை வேண்டியிருக்கிறது.

இயேசு இந்த நாளை எடுத்துப்போட்டுவிட்டார் என்று சிலர் சொல்கிறார்கள். சுவிசேஷங்களில் நான் பார்ப்பது அது அல்ல. நாசரேத்தூர் ஜெபஆலயத்துக்கு ஓய்வுநாளில் போவது அவருடைய வழக்கம் என்று லூக்கா எழுதுகிறார். பரிசேயரோடு அவர் போட்ட சண்டையெல்லாம் எப்படி ஆசரிப்பது என்பதைப் பற்றியது; ஆசரிக்கலாமா கூடாதா என்பதைப் பற்றியது அல்ல. 18 வருஷமாகக் கூனிக் கிடந்த ஒருத்தியை ஜெபஆலயத்தில் அவர் நிமிர்த்தியதும் ஜெபஆலயத் தலைவனுக்குக் கோபம் வந்தது. மாட்டையும் கழுதையையும் அவிழ்த்துத் தண்ணீர் காட்டுகிறீர்களே, இவளை அவிழ்த்துவிடக் கூடாதா என்று கேட்டார். அவிழ்த்துவிடுவதற்கு உரிய நாள் என்று அதை உயர்த்திப் பிடித்தாரே தவிர, ஒழித்துக்கட்டவில்லை. அவர் இறந்த அன்றும் கலிலேயாவிலிருந்து வந்த பெண்கள் கந்தவர்க்கங்களை ஆயத்தப்படுத்திவிட்டு, கட்டளைப்படி ஓய்வுநாளில் ஓய்ந்திருந்தார்கள். கல்லறைக்குப் போனது அதற்கு மறுநாள்.

அந்த மறுநாள்தான் கதையைத் திருப்பியது. உயிர்த்தெழுந்த நாள் என்பதால் சபைகள் ஞாயிற்றுக்கிழமையில் கூட ஆரம்பித்தன. துரோவாவில் வாரத்தின் முதல் நாளில் அப்பம் பிட்ட செய்தி அப்போஸ்தலருடைய நடபடிகளில் இருக்கிறது. சுமார் 150இல் யுஸ்தீன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் அந்த நாளின் கூடுகையை ஒழுங்காக விவரித்திருக்கிறார். இதில் எனக்கு மனத்தாங்கல் ஒன்றும் இல்லை. உயிர்த்தெழுதலை எந்த நாளிலும் கொண்டாடலாம். நாள்களை விசேஷித்துக்கொள்வதைப் பற்றிப் பவுல் ரோமருக்கும் கொலோசெயருக்கும் எழுதியதை எதிர்த்தரப்பு எடுத்துக் காட்டும். அது கனமான வாதம்தான். ஆனால் கட்டளை சொன்ன ஓய்வு சனியிலிருந்து ஞாயிறுக்கு மாறிவிட்டது என்று புதிய ஏற்பாட்டில் எங்கும் இல்லை.

அந்த மாற்றத்துக்கு அரசாங்க முத்திரை விழுந்தது 321 மார்ச்சில். சூரியனுடைய நாளில் நீதிபதிகளும் நகரவாசிகளும் பட்டறைக்காரர்களும் ஓய்ந்திருக்க வேண்டும் என்று ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் ஆணையிட்டான். நாட்டுப்புறத்தில் பயிர் செய்கிறவர்களுக்கு விலக்கு உண்டு: விதைக்கவும் திராட்சை நடவும் வாய்த்த பருவம் தப்பிவிடக் கூடாதாம். சீனாயில் கொடுத்த ஓய்வு மாடுவரை எட்டியது. ரோமாபுரி கொடுத்த ஓய்வு ஊர் எல்லையோடு நின்றுவிட்டது. கிழமை மாறியதைவிட இதுதான் எனக்குப் பெரிய நஷ்டமாகப் படுகிறது.

ஆணை வந்தவுடன் ஏழாம் நாள் செத்துவிடவில்லை. சனிக்கிழமை சும்மா இருக்கக் கூடாது, வேலை செய்ய வேண்டும் என்று நாலாம் நூற்றாண்டில் லவோதிக்கேயா சங்கம் விதி போட்டது. அப்படியென்றால் சும்மா இருந்தவர்கள் கணிசமாக இருந்திருக்கிறார்கள். ஐந்தாம் நூற்றாண்டில் சபைச் சரித்திரம் எழுதிய சாக்ரட்டீஸ், ரோமும் அலெக்சாந்திரியாவும் நீங்கலாக ஏறக்குறைய எல்லாச் சபைகளும் சனிக்கிழமையில் திருவிருந்து ஆசரித்ததாகக் குறித்துவைத்திருக்கிறார்.

எத்தியோப்பியாவில் அது இன்னும் முரண்டு பிடித்தது. எவோஸ்தாத்தெவோஸ் என்ற துறவி சனியையும் ஞாயிறையும் சேர்த்து ஆசரிக்கச் சொல்லி எதிர்ப்பைச் சம்பாதித்து, நாட்டைவிட்டுப் போய் 1352இல் ஆர்மேனியாவில் இறந்தார். அவருடைய சீஷர்களைச் சபை ஒதுக்கிவைத்தது. அவர்கள் வடக்கே மடங்கள் கட்டிக்கொண்டு சனிக்கிழமையை விடாமல் பிடித்திருந்தார்கள். ஒரு நூற்றாண்டு கழித்து, 1450இல், பேரரசர் ஸாரா யாக்கோப் கூட்டிய தெப்ரெ மித்மாக் சங்கம் இரண்டு நாளும் பரிசுத்தம் என்று ஒத்துக்கொண்டது. ஒதுக்கப்பட்டவர்கள் பக்கம் சபையே வந்து சேர்ந்தது.

இங்கிலாந்தில் அதைச் சுமந்தவர்களில் என் மனதில் நிற்பவள் டாரத்தி டிராஸ்க். அவள் புருஷன் ஜான் டிராஸ்க் சனிக்கிழமை ஓய்வைப் பிரசங்கித்ததற்காக 1618இல் ஸ்டார் சேம்பர் நீதிமன்றம் அவனைச் சவுக்கால் அடித்து நெற்றியில் சூடு போடச் சொன்னது. சிறையில் அவன் மனம் மாறி எல்லாவற்றையும் மறுதலித்துவிட்டான். அவள் மாறவில்லை. டாரத்தி லண்டனில் பள்ளி நடத்தியவள். பிள்ளைகளுக்குச் சீக்கிரம் எழுத்துக் கூட்டப் பழக்குவதில் கெட்டிக்காரி என்று பேர். ஞாயிற்றுக்கிழமை பள்ளி நடத்தச் சட்டம் விடாது. சனிக்கிழமை நடத்த மனசாட்சி விடாது. ஆக, வாரத்துக்கு ஐந்து நாள்தான் பாடம். இந்த ஐந்து நாள் கணக்கே அவளைக் காட்டிக்கொடுத்தது. பதினைந்து வருஷத்துக்குக் குறையாமல் சிறையில் கிடந்தாள். அவளுடைய கொள்கையைத் திட்டி எழுதியவரே, அவள் யாரிடமும் தர்மம் வாங்கவில்லை என்பதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

அதே நம்பிக்கையுள்ள பாப்டிஸ்டுகளில் ஒருவரான ஸ்டீபன் மம்ஃபோர்டு 1660களில் அட்லாண்டிக்கைக் கடந்தார். 1671இல் ரோட் ஐலண்டின் நியூபோர்ட்டில் அமெரிக்காவின் முதல் ஏழாம் நாள் பாப்டிஸ்ட் சபை உருவாயிற்று. அதற்குப் பின் நெடுங்காலம் அது சின்னக் கூட்டமாகவே இருந்தது. 1844 வாக்கில், நியூ ஹாம்ப்ஷயரின் வாஷிங்டன் என்ற கிராமத்தில், ஏழாம் நாள் பாப்டிஸ்டான ரேச்சல் ஓக்ஸ் என்ற விதவை ஓர் ஆராதனையில் உட்கார்ந்திருந்தாள். கர்த்தருடைய பந்தியில் சேருகிறவர்கள் கட்டளைகள் அத்தனையையும் கைக்கொள்ள வேண்டும் என்று போதகர் ஃபிரெட்ரிக் வீலர் பிரசங்கித்தார். எழுந்து கேட்டுவிடலாம் என்று அவளுக்குத் துடித்ததாம், அடக்கிக்கொண்டாள். பிறகு வீலர் வீட்டுக்கு வந்தபோது, நாலாவதைக் கைக்கொள்ளாமல் அத்தனையும் என்று எப்படிச் சொன்னீர்கள் என்று முகத்துக்கு நேரே கேட்டாள். அவரிடம் பதில் இல்லை. சில வாரங்களில் அவரும் சனிக்கிழமைக்கு வந்துவிட்டார். அங்கிருந்து சேதி ஒரு துண்டுப் பிரசுரம் வழியாக ஓய்வுபெற்ற கப்பல் கேப்டன் ஜோசப் பேட்ஸிடம் போனது. அவர் மூலமாக, 1863இல் ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு சபையாக அமைந்த கூட்டத்துக்குப் போனது.

அமெரிக்க மிஷனெரி ஜே. எஸ். ஜேம்ஸ் 1908இல் திருநெல்வேலிச் சீமைக்கு வந்தது அந்தச் சபையின் ஆளாகத்தான். ஆனால் அவர் கொண்டுவந்த சரக்கு அங்கே ஏற்கெனவே இருந்தது. நாசரேத்துக்குப் பக்கத்துப் பிரகாசபுரத்தில் ஐம்பது வருஷமாகவே சனிக்கிழமை ஆராதனை நடந்துகொண்டிருந்தது. சாயர்புரம் செமினரியில் படித்த அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை, வெள்ளைக்கார மிஷனெரியோடு முறித்துக்கொண்டு 1857இல் தனிச் சபை கண்டார். வேதம் கிழக்கத்தியப் புத்தகம், ஐரோப்பாக்காரன் அதன்மேல் போட்ட சட்டையைக் கழற்றிவிட்டுப் படிப்போம் என்பது அவர் கட்சி. அப்படிப் படித்ததில் சாம்பிராணியும் எக்காளமும் தரையில் விழுந்து பணிவதும் கிடைத்தன. ஏழாம் நாளும் கிடைத்தது. மம்ஃபோர்டும் ரேச்சல் ஓக்ஸும் இல்லாமலே, புத்தகத்திலிருந்து நேராக எடுத்துக்கொண்டார். ஏழாம் நாள் யாரோ ஒரு சபை கண்டுபிடித்த தனிச் சரக்கு அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

அந்தப் பக்கம் பனங்காடு. பதநீர்க் காலத்தில் பனையேறி காலையும் மாலையும் மரம் ஏறிப் பாளை சீவ வேண்டும். ஒருநாள் சீவாமல் விட்டால் பாளை முனை காய்ந்து சுரப்பு நின்றுவிடும். இறக்கிய பதநீரை அன்றைக்கே காய்ச்சாவிட்டால் கருப்பட்டி ஆகாது. அந்த அடுப்பின் முன்னால் வேகிறவள் வீட்டுக்காரி. ஓய்வுநாளைப் பற்றி யார் பேச வந்தாலும் அங்கே இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். கான்ஸ்டன்டைன் பனையேறிக்கு விலக்குக் கொடுத்திருப்பான். யாத்திராகமம் 34 கொடுக்காது. ஆனால் அந்த ஒரு நாள் வரும்படியை அவன் இழந்துவிட்டுப் போகட்டும் என்று பிரசங்க மேடையிலிருந்து சொல்வதும் கட்டளையைப் பாதி படித்ததுதான். வனாந்தரத்தில் ஓய்ந்திருக்கச் சொன்னவர் முந்தினநாளே இரண்டு ஓமர் அளந்து கொடுத்துவிட்டுத்தான் சொன்னார். இன்றைக்கு ஓட்டல் பாத்திரம் கழுவுகிறவனுக்கும் பட்டாசு ஆலைக்குப் போகிறவளுக்கும் சபை அந்த இரண்டாவது ஓமருக்கு வழிபார்க்க வேண்டும். கூலியோடு வார விடுப்புக் கேட்பதை நாலாம் கட்டளையின் ஊழியமாகவே நான் பார்க்கிறேன்.

ஏழாம் நாளுக்குக் கடைசியாக வந்த சோதனை பசிபிக்கில். சர்வதேசத் தேதிக்கோடு அங்கே நேராக ஓடாமல் வளைந்து போகிறது. டோங்கா தீவுகள் 180ஆம் தீர்க்கரேகைக்குக் கிழக்கே இருந்தும் மேற்குப் பக்கத்துத் தேதியை வைத்திருக்கின்றன. கோடு நேராகப் போனால் நாள் எதுவாக இருக்குமோ அதையே கணக்கில் எடுத்து, அங்குள்ள அட்வென்டிஸ்டுகள் ஞாயிற்றுக்கிழமையை ஏழாம் நாளாக ஆசரிக்கிறார்கள். 2011இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வியாபாரத்துக்கு வசதியாகச் சமோவா அரசு கோட்டின் மறுபக்கத்துக்குத் தாண்டியது. டிசம்பர் 29 வியாழனுக்கு அடுத்து விடிந்தது 31 சனி. நடுவே வெள்ளியைக் காணோம். ஆறு நாளில் வந்து நின்ற அந்தச் சனி ஏழாம் நாளா என்று சபைக்குள் வழக்கு. தலைமை பழைய எண்ணிக்கையைத் தொடர்ந்து ஞாயிறுக்குப் போனது. ஒரு சாரார் பிரிந்து புதுக் காலண்டரின் சனிக்கிழமையோடு நின்றார்கள். ஏழு என்று எண்ணச் சொன்னதால் நான் எண்ணுகிறவர்கள் பக்கம். காணாமல்போன அந்த வெள்ளிக்கிழமைக்கும் வேலையாட்களுக்குச் சம்பளம் கொடுத்துவிட வேண்டும் என்று சமோவா அரசு முதலாளிகளிடம் சொல்லியிருந்தது.